பஹாமாஸில் ஈட்டி மீன்பிடி: தண்ணீரில் இறங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

ஃப்ளோரிடாவில் ஈட்டித் துப்பாக்கியோடு மீன்பிடித்துப் பழகியவர்களுக்குப் பஹாமாஸ் கைக்கெட்டும் தூரம்தான். மயாமியிலிருந்து ஏறக்குறைய ஐம்பது மைல் போனால் பிமினி வந்துவிடும். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், களவாவும் சங்கராவும் நன்றாக வளர்ந்திருக்கும். ஆனால் அந்த ஐம்பது மைலுக்குள் சட்டம் தலைகீழாக மாறிவிடுகிறது. எனக்குப் படகு ஏற்பாடு செய்து தந்தவர் 900 டாலர் முன்பணம் வாங்கிக்கொண்டு, துப்பாக்கியும் கொண்டுவரலாம், காற்றுச் சிலிண்டரோடும் முங்கலாம் என்று உறுதியாகச் சொன்னார். பிமினியில் சுங்க அதிகாரி பையைத் திறந்தார், துப்பாக்கியைத் தனியே எடுத்து மேசைமேல் வைத்தார், இந்த நாட்டில் இது கூடாது என்று பொறுமையாக விளக்கினார். 480 டாலர் கொடுத்து வாங்கிய துப்பாக்கி அதோடு போனது. பேப்பர் வேலையிலேயே அன்றைய பொழுதும் போனது. முன்பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கள்ளக்கடத்தல்காரனைப் போல அந்த மேசைக்கு முன்னால் நின்றதுதான் இன்னும் உறுத்துகிறது. கேட்டுத் தெரிந்துகொள்ளத் தமிழில் ஒரு வரி கிடைத்திருந்தால் போதும், அங்கே நின்றிருக்க வேண்டியதில்லை. அதனால்தான் கிளம்புவதிலிருந்து திரும்பி வருவதுவரை எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். நாசா களவாவுக்கு (Nassau grouper, பஹாமாஸ் தலைநகரின் பெயர் கொண்ட களவா இனம்) டிசம்பர் 1 முதல் பிப்ரவரி இறுதிவரை தடைக்காலம். சிங்கி இறாலுக்கு ஏப்ரல் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் திறந்திருக்கும் காலம் மார்ச்சும், ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரையும்தான். ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை முழுதும் புயல் சீசனுக்குள் வருகிறது என்பதை மறக்காதீர்கள். மார்ச்சில் புயல் கிடையாது, ஆனால் வடக்கிலிருந்து குளிர்காற்று வந்து போகும். ஃப்ளோரிடாவுக்கும் பிமினிக்கும் நடுவில் கல்ஃப் ஸ்ட்ரீம் நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடுகிறது. வடகாற்று அதற்கு எதிராக வீசினால் அலை செங்குத்தாக எழும்பும், சின்னப் படகு தாங்காது. காற்று வடக்கு, வடகிழக்கு, வடமேற்கு என்று எந்த 'வட'வில் தொடங்கினாலும் அன்று கடக்காதீர்கள். தங்கும் அறையை முன்பதிவு செய்யும்போதே இரண்டு நாள் முன்னே பின்னே நகர்த்த வசதி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்து அனுமதி. வெளிநாட்டுப் படகுக்கு க்ரூஸிங் பர்மிட், அதாவது பஹாமாஸ் கடலில் சுற்றிவர அனுமதி, வேண்டும். 2025 ஜூலையிலிருந்து மீன்பிடி பர்மிட்டைத் தனியாக வாங்க வேண்டும், க்ரூஸிங் பர்மிட்டில் அது அடங்காது. பஹாமாஸ் சுங்கத் துறையின் கிளிக்2கிளியர் தளத்தில் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். படகின் பதிவு எண், உள்ளே இருப்பவர்களின் பாஸ்போர்ட் விவரம், எந்தத் துறைமுகத்தில் நுழைகிறீர்கள் என்பதெல்லாம் கேட்பார்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும் மஞ்சள் கொடி ஏற்றிக் காத்திருக்க வேண்டும். குடியேற்ற, சுங்க வேலை முடியும்வரை கேப்டன் ஒருவர்தான் கரையேறலாம். வாடகைப் படகில் போகிறவர்கள் மீன்பிடி பர்மிட்டின் நகலைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள். 'எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்' என்ற வார்த்தைக்குக் கடலில் மதிப்பில்லை. கடல் ரோந்து பார்ப்பது ராயல் பஹாமாஸ் டிஃபென்ஸ் ஃபோர்ஸ். அவர்கள் கேட்பது காகிதத்தைத்தான். அபராதம் போடவும் பிடித்ததையும் கருவியையும் எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமிருக்கிறது.

இனி கருவி. விசை உள்ள எந்த ஈட்டித் துப்பாக்கியும் கூடாது. ரப்பரால் இயங்கினாலும் காற்றழுத்தத்தால் இயங்கினாலும் ஒன்றுதான். ஃப்ளோரிடாவின் பெரும்பாலான கடற்பகுதிகளில் துப்பாக்கியும் செல்லும், சிலிண்டரோடு முங்கிக் குத்துவதும் செல்லும் என்பதால் நம்மவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பஹாமாஸில் செல்லுபடியாவது கையால் ரப்பரை இழுத்து விடும் ஹவாயன் ஸ்லிங்கும் போல் ஸ்பியரும் மட்டும். ஸ்கூபா சிலிண்டரோடு மீன், சங்கு, இறால் எதையும் எடுக்கக் கூடாது. படகிலிருந்து குழாய் வழியாகக் காற்று வாங்கும் கம்ப்ரெஸர் தனி அனுமதி பெற்ற உள்ளூர்த் தொழில்முறை மீனவர்களுக்கு மட்டும், அதுவும் குறிப்பிட்ட காலத்திலும் ஆழத்திலும்தான். நமக்கு மாஸ்க், ஸ்நார்க்கல், துடுப்பு, சொந்த மூச்சு, அவ்வளவுதான். ஸ்கூபாவில் சுற்றிப்பார்க்க ஆசை இருந்தால் அதற்குத் தனி நாள் ஒதுக்குங்கள், அன்று ஈட்டியைப் படகில் ஏற்றவே வேண்டாம். ஒரே படகில் சிலிண்டரும் குத்திய மீனும் சேர்ந்து கிடந்தால் விளக்கம் சொல்லி முடியாது.

ஹவாயன் ஸ்லிங் என்பது கைக்கடக்கமான ஒரு குழாய்ப் பிடி, அதன் பின்னால் ரப்பர் வளையம். ஐந்தடி நீள ஸ்டீல் கம்பியைக் குழாய்க்குள் விட்டு, கவட்டையில் கல் விடுவதுபோல இழுத்து விட வேண்டும். கம்பிக்குக் கயிறு கிடையாது, கையை விட்டுப் பறந்துவிடும். பெரிய மீன் கம்பியோடு குகைக்குள் ஓடினால் மீனும் போச்சு, கம்பியும் போச்சு. புதியவர்களுக்குப் போல் ஸ்பியர்தான் நல்லது. ஏழெட்டு அடி நீளக் கம்பு, அடியில் ரப்பர் வளையம். வளையத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாட்டி, கையைக் கம்பின் மேல் முன்னோக்கி நகர்த்திப் பிடிக்க வேண்டும். பிடியைத் தளர்த்தினால் ஈட்டி பாயும். கம்பின் முனையிலிருந்து இரண்டு மூன்று அடிக்குள் மீன் இருந்தால்தான் குத்து ஆழமாக இறங்கும். இழுத்த ரப்பரோடு முங்கிப் போகாதீர்கள். முப்பது நொடியில் முன்கை நடுங்க ஆரம்பிக்கும், குறி தவறும், மூச்சும் வீணாகும். தரை சேர்ந்து, மீன் பக்கவாட்டைக் காட்டும்போது இழுத்தால் போதும். குறி கண்ணுக்குப் பின்னால், முதுகெலும்பு தலையோடு சேரும் இடம். அங்கே பட்டால் மீன் துடிக்காமல் அப்படியே நிற்கும். வயிற்றில் பட்டால் சதை கிழிந்து தப்பிப்போய் எங்கோ சாகும். கிளை பிரிந்த மூன்று முள் முனை சின்ன மீனுக்கு. ஐந்து பவுண்டுக்கு மேல் என்றால், உள்ளே போனதும் கழன்று குறுக்கே திரும்பிக்கொள்ளும் ஸ்லிப் டிப் மாட்டிக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டுப்பாடுகள் எதற்கு என்று புரிந்துகொண்டால் மீதிச் சட்டம் தானாக மனதில் நிற்கும். தூண்டிலில் சின்ன மீன் மாட்டினால் கழற்றித் திரும்ப விடலாம். ஈட்டி குத்தியதை விட முடியாது. அளவு, இனம், முட்டை, காலம், இடம் எல்லாவற்றையும் விரலைத் தளர்த்துவதற்கு முன்பே தண்ணீருக்குள் கண்ணாலேயே முடிவு செய்தாக வேண்டும். மூச்சு அடக்கி, கம்பின் நீளத்துக்குள் நெருங்கிப் போகிறவனுக்கு அந்தப் பார்வை கிடைக்கும். இருபதடி தூரத்திலிருந்து விசையைத் தட்டுகிறவனுக்குக் கிடைக்காது. சிலிண்டர் இல்லாததால் மூச்சு எட்டாத ஆழத்தில் இருக்கும் பெரிய தாய் மீன்கள் பிழைத்துக்கொள்கின்றன. துப்பாக்கி போன வருத்தத்தில் இருந்த எனக்கும் இது நியாயமான சட்டம் என்றுதான் படுகிறது.

அளவு விஷயத்தில் மாஸ்க் நம்மை நன்றாக ஏமாற்றும். தண்ணீருக்குள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். இரண்டடி என்று தோன்றும் மீன் உண்மையில் ஒன்றரை அடி. இதற்கு எளிய வழி, கம்பில் முனையிலிருந்து 12, 18, 24 அங்குலத்தில் வெவ்வேறு நிற டேப் சுற்றி வைப்பது. மீனுக்குப் பக்கத்தில் கம்பை நீட்டினால் கம்பும் அதே அளவு பெரிதாகத் தெரியும், ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். நாசா களவாவின் குறைந்தபட்ச எடை 3 பவுண்டு. நீருக்குள் எடை போட முடியாது. 18 அங்குல டேப்பைத் தாண்டாத மீனைத் தொடாதீர்கள். அடையாளம் தெரியாமல் குத்தவும் கூடாது. நாசா களவாவின் உடம்பில் ஐந்து குறுக்குப் பட்டைகள் இருக்கும். வால் தொடங்கும் இடத்தில் முதுகுப் பக்கம் சேணம் வைத்தாற்போல ஒரு கறுப்புத் திட்டு இருக்கும். நிறத்தை அது நொடியில் மாற்றிக்கொள்ளும், வெளுத்தும் நிற்கும், கறுத்தும் நிற்கும். அந்த வால் திட்டைத் தேடுங்கள், அது போகாது.

இந்த மீனுக்கு ஏன் இவ்வளவு காவல் என்று கேட்கலாம். ஆண்டு முழுக்கத் தனித்தனியாக வாழும் களவா, குளிர்கால முழுநிலவை ஒட்டி நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீந்திப்போய்க் குறிப்பிட்ட சில பார்களின் (கடலடிப் பாறை, பவளத் திட்டுகளின்) விளிம்பில் ஆயிரக்கணக்கில் கூடி முட்டையிடும். ஒவ்வோர் ஆண்டும் அதே இடம், அதே காலம். அந்த இடம் தெரிந்தவர்கள் சில நாளில் முழுக் கூட்டத்தையும் அள்ளிவிட முடியும். கரீபியன் முழுக்கப் பல இடங்களில் அப்படி அள்ளித்தான் கூட்டங்கள் திரும்பாமலே போயின. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2018-இல் இதை மிகவும் அருகிவிட்ட இனம் என்று அறிவித்தது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான தடை இந்தக் கூடலைக் காப்பாற்றத்தான். அந்த மாதங்களில் உணவகத்தில் நாசா களவா வைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எங்கே குத்தலாம் என்பதுதான் அதிகம் பேர் மாட்டும் இடம். நாசா நகரம் இருக்கும் நியூ ப்ராவிடன்ஸ் தீவின் கரையிலிருந்து ஒரு மைலுக்குள் ஈட்டி கூடாது. கிராண்ட் பஹாமாவில் ஃப்ரீபோர்ட்டின் தென்கரையிலிருந்தும் ஒரு மைல். மற்ற தீவுகளில் கரையிலிருந்து 200 கஜம், அதாவது 183 மீட்டர். கண்ணால் இதை மதிப்பிட முடியாது. தெளிந்த நீரில் கரை எப்போதும் பக்கத்தில் இருப்பதுபோலவோ தூரத்தில் இருப்பதுபோலவோ தோன்றிக்கொண்டே இருக்கும். படகின் ஜிபிஎஸ் திரையில் கர்சரைக் கரை மேல் வைத்தால் தூரம் கடல் மைலில் வரும். 0.10 என்று காட்டினால் 185 மீட்டர், சரியாக எல்லை. நங்கூரத்தை 0.15-க்கு வெளியே போடுங்கள், ஏனென்றால் படகு நிற்கும் இடம் வேறு, நீரோட்டத்தில் நாம் மிதந்துபோகும் இடம் வேறு. வெறும் பாறைத்திட்டு போலத் தெரியும் குட்டித் தீவுகளுக்கும் இதே இடைவெளியை விடுங்கள்.

தேசியப் பூங்காக்களுக்குள் ஈட்டி, தூண்டில், வலை எதுவும் கூடாது. எக்ஸுமா கேஸ் நிலம்-கடல் பூங்கா 1958-இல் அமைந்தது. 1986-லிருந்து அங்கே எதையுமே எடுக்கக் கூடாது, செத்த சிப்பி ஓட்டைக்கூட. வடக்கே வாக்ஸ் கே கட் தொடங்கித் தெற்கே காஞ்ச் கட் வரை 176 சதுர மைல் பரப்பு, நடுவே வார்டரிக் வெல்ஸில் அலுவலகம். பஹாமாஸ் நேஷனல் டிரஸ்ட் நிர்வகிக்கிறது. நீருக்குள் எல்லைக்கோடு எதுவும் தெரியாது, எனவே முன்தினமே வரைபடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். அபாக்கோ பக்கம் போகிறவர்கள் பெலிகன் கேஸ் பூங்காவையும், கிராண்ட் பஹாமா பக்கம் போகிறவர்கள் பீட்டர்சன் கே பூங்காவையும் குறித்துக்கொள்ளுங்கள். எக்ஸுமா பூங்காவுக்குள் ஈட்டி இல்லாமல் ஒரு முறையாவது முங்கிப் பாருங்கள். களவா நம்மைக் கண்டு ஓடாமல், பாறை இடுக்கிலிருந்து தலையை நீட்டிச் செவுளை மெல்ல அசைத்தபடி நின்று பார்க்கும்.

சிங்கி இறாலை ஈட்டியால் எடுக்க பஹாமாஸ் அனுமதிக்கிறது, ஃப்ளோரிடா அனுமதிப்பதில்லை. கை தாராளமாகிவிடும் இடம் இது, ஆனால் குத்தும் முன்பே கண்ணால் முடிவு செய்ய வேண்டும் என்று மேலே சொன்ன விதி இங்கேதான் கடுமையாக வேலை செய்யும். கொம்புகளின் அடியிலிருந்து ஓட்டின் பின்விளிம்புவரை குறைந்தது மூன்றேகால் அங்குலம் இருக்க வேண்டும், வால் மட்டும் என்றால் ஐந்தரை அங்குலம். ஃப்ளோரிடாவில் விற்கும் அளவுகோல் மூன்று அங்குலத்துக்கு வெட்டப்பட்டது. அதை நம்பினால் கால் அங்குலம் குறைந்த இறால் படகில் வந்து சேரும். அந்த அளவுகோலில் மூன்றேகால் அங்குலத்தை நீங்களே கீறிக்கொள்ளுங்கள். முட்டை உள்ள பெண் இறாலை எடுக்கவே கூடாது. பொந்துக்குள் இருக்கும் இறாலின் முகம்தான் தெரியும், முட்டை வாலின் அடியில் இருக்கும். ஒரு மெல்லிய குச்சியை அதன் வாலுக்குப் பின்னால் விட்டுத் தட்டினால் முன்னால் நடந்து வெளியே வரும். ஆரஞ்சு நிறத்திலோ, முதிர்ந்திருந்தால் பழுப்பு நிறத்திலோ அடிவயிற்றில் அப்பியிருப்பது முட்டை. அதைப் பார்த்த பிறகுதான் ஈட்டி. குத்தும்போதும் கொம்புகளுக்கு நடுவே தலையில், வாலில் குத்தினால் சதை கெட்டுப்போகும். வெளிச்சம் குறைந்த பொந்தில் சந்தேகம் வந்தால் அடுத்த பொந்தைப் பாருங்கள்.

எண்ணிக்கை ஆளுக்கு இல்லை, படகுக்கு. ஆறு பேர் போனாலும் ஒரே கணக்குதான். வெளிநாட்டுப் படகில் எந்த நேரத்திலும் இருக்கக்கூடியது சிங்கி இறால் 10, சங்கு 6, பார் மீன்கள் 20 அல்லது 60 பவுண்டு, மாஹி மாஹி, வஹூ, சூரை போன்ற திறந்த கடலில் ஓடும் மீன்கள் எல்லாம் சேர்த்து 18. கட்டணங்களையும் விதிகளையும் அவ்வப்போது திருத்துகிறார்கள், எனவே உங்கள் பர்மிட்டோடு வரும் தாளில் என்ன இருக்கிறதோ அதுவே கடைசி வார்த்தை. நேற்றுப் பிடித்து ஐஸ் பெட்டியில் வைத்ததும் இன்றைய கணக்கில் சேரும். ராணிச் சங்கை எடுப்பதாக இருந்தால், ஓட்டின் உதடு வெளிப்பக்கமாக மலர்ந்து விரிந்திருக்க வேண்டும். உதடு மலராத சங்கு குஞ்சு, இன்னும் ஒரு முறைகூட முட்டையிடாதது. மலர்ந்த உதடு கையில் தடிமனாகப் படும்வரை வளர்ந்த சங்காகப் பார்த்து எடுங்கள். அருகிவரும் உயிரினங்களை நாடு விட்டு நாடு கொண்டுபோவதைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தப் பட்டியலில் 1992-லிருந்து இந்தச் சங்கு இருக்கிறது. அங்கேயே சாலட் செய்து சாப்பிட்டுவிடுவது நல்லது. ஆமையைத் தொடவே கூடாது, 2009-லிருந்து முழுத் தடை. சுறாவுக்கு 2011-லிருந்து நாட்டின் கடல் முழுதும் சரணாலயம். பவளத்தை உடைத்தெடுப்பதும் குற்றம்.

சுறாவைக் கொல்லக் கூடாது என்பதால் அதற்கு இடம் கொடுக்காமல் வேலை செய்யப் பழக வேண்டும். குத்திய மீனின் துடிப்பும் ரத்தமும் சில நிமிடத்தில் ரீஃப் சுறாவை இழுத்து வரும். இடுப்பில் மீன் கோக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். குத்தியதும் மேலே வந்து, ஈட்டியோடு மீனைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி படகுக்கு நீந்த வேண்டும். சின்னப் படகில் ஒருவர் எப்போதும் பின்னாலேயே வர வேண்டும். இரண்டு மூன்று மீனுக்கு ஒருமுறை இடத்தை மாற்றுங்கள். சுறா வந்துவிட்டால் மீனை விட்டுக்கொடுங்கள்.

உயிர் போவது பெரும்பாலும் சுறாவால் இல்லை, மூச்சால். முங்கும் முன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் உடம்பில் ஆக்சிஜன் கூடாது. கரியமில வாயு குறைந்துவிடும், மூச்சு விட வேண்டும் என்ற தவிப்பு தாமதமாகும், மேலே வரும் வழியில் கடைசிப் பத்து மீட்டரில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நினைவு தப்பும். ஒருவர் முங்கும்போது இன்னொருவர் மேலேயே இருந்து பார்க்க வேண்டும். வந்த பிறகும் அரை நிமிடம் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முங்கிய நேரத்தைப்போல இரண்டு மடங்கு ஓய்வு. இடுப்பில் கட்டும் ஈய எடை, மூச்சை விட்ட பின்னும் மேலே மிதக்கும் அளவுக்குத்தான். தனியாக முங்கவே கூடாது, இதற்கு விதிவிலக்கு கிடையாது.

பிடித்ததை எல்லாம் தின்னவும் கூடாது. பார்களில் வளரும் நுண்பாசியின் நஞ்சு சின்ன மீன் வழியாகப் பெரிய மீனுக்கு ஏறும். சிகுவாட்டெரா என்பார்கள். வாசனையில் தெரியாது, ருசியில் தெரியாது, வேகவைத்தாலும் உறையவைத்தாலும் போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, உதடு மரத்துப்போவது, குளிர்ந்த நீர் பட்டால் சுடுவது போன்ற உணர்வு இருந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். சீலாவைத் தவிர்த்துவிடுங்கள், மிகப் பெரிய களவாவையும் ஆம்பர்ஜாக்கையும் விட்டுவிடுங்கள், அந்தத் தீவு மீனவரிடம் எந்தப் பார் மீனைச் சாப்பிடலாம் என்று கேளுங்கள். மனம் உறுத்தாமல் குத்தக்கூடிய மீன் என்றால் லயன்ஃபிஷ். பசிபிக்-இந்தியப் பெருங்கடல் பக்கத்து மீன் இது, 2000-களின் நடுவிலிருந்து பஹாமாஸ் பார்களின் குஞ்சு மீன்களைத் தின்று பெருகுகிறது. பதினெட்டு நச்சு முள் உண்டு, படகிலேயே கத்தரியால் வெட்டிவிட்டால் சதை வெள்ளையாக, மென்மையாக இருக்கும். முள் குத்தினால் தோல் தாங்கும் அளவு சூடான, 45 டிகிரியைத் தாண்டாத நீரில் அரை மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டும்.

திரும்பும்போது அமெரிக்கக் கடலின் சட்டம் ஒன்று இருக்கிறது. நாசா அல்லாத மற்றக் களவா, சங்கரா, மாஹி மாஹி, வஹூவை ஃபில்லே போட்டு, அதாவது இருபக்கச் சதையையும் முள்ளில்லாமல் அறுத்தெடுத்துக் கொண்டுவரலாம், ஆனால் முழுத் தோலும் ஒட்டியிருக்க வேண்டும், இரண்டு ஃபில்லே ஒரு மீனாகக் கணக்கு. பஹாமாஸ் பர்மிட் படகிலும், முத்திரையும் தேதியும் குத்திய பாஸ்போர்ட் எல்லோரிடமும் இருக்க வேண்டும். அமெரிக்க எல்லைக்குள் நுழைந்த பிறகு வழியில் நிறுத்தி மீன்பிடிக்காமல் நேராகக் கரைக்கு வர வேண்டும், ஈட்டியும் தூண்டிலும் கட்டி உள்ளே வைத்திருக்க வேண்டும். ஃபில்லேக்களை ஜோடி ஜோடியாகத் தனிப்பையில் போட்டு, மேலே மீன் பெயரை எழுதி ஐஸில் வையுங்கள். சோதனைக்கு வருபவர் எண்ணி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.